பித்தளை என்றார்கள்

பிப்ரவரி 26, சனி

கணக்கில் முப்பத்தெட்டு. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அவளுக்குத் தலைவலி போனபிறகு காட்டிக்கொள்ளலாம்.

காலையில் அத்தையோடு விமானத் திடலுக்குப் போனேன். இன்று திசைகாட்டி சரிபார்க்கிற நாள். சிமெண்டுத் தரையில் பெரிய வட்டம் ஒன்று வரைந்து, சுற்றிலும் திசைகளைக் குறித்திருக்கிறார்கள். அப்பாவும் இன்னும் இரண்டு பிட்டர்களும் அத்தையின் விமானத்தை அந்த வட்டத்துக்குள் நிறுத்தி, வாலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். ஒவ்வொரு திசைக்கும் முள் என்ன காட்டுகிறது என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினாள். நான் கீழே நின்று எழுதிக்கொண்டேன். கிழக்குக்கு வித்தியாசம் அரை டிகிரிதான். புதன்கிழமை அவள் போகப்போவது கிழக்கே, கடலுக்கு மேல் முந்நூற்று அறுபது மைல் தாண்டித் தீவுக்கு. இதுவரை எந்தப் பெண்ணும் தனியாகப் போனதில்லை. ஆண்களிலும் இரண்டே பேர்தான் போயிருக்கிறார்கள். ஆனால் பேப்பரில் பெண் என்பதை மட்டும்தான் போடுகிறார்கள்.

ஏறுவதற்கு முன்னால் வழக்கம்போல் தலையிலிருந்து ஆறு ஹேர்பின்னையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் அந்தப் பக்கம் சாயும். ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் அப்புறம் ஒரு குண்டூசிகூட அங்கே புதிதாக வரக் கூடாது.

"ஒரு டிகிரி தப்பினா அறுபது மைலுக்கு ஒரு மைல் தப்பும், எலி. கணக்குல முப்பத்தெட்டு வாங்கினவளுக்குக்கூட இது புரியும்" என்றாள். அவளுக்கு யார் சொன்னது? என் பை அவள் கட்டிலில்தான் கிடந்தது. எங்கள் அறை ஒன்றுதான்.

இந்த நோட்டும் அவள் கொடுத்ததே. விமானிகள் பயண விவரம் எழுதுகிற நோட்டு. புறப்பாடு, வருகை, குறிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. சுவரில் கிறுக்குவதற்குப் பதில் இதில் கிறுக்கு என்றாள். கட்டங்களைக் கண்டுகொள்ளாமல் மேலேயே எழுதுகிறேன்.

மார்ச் 1, செவ்வாய்

எரிச்சலாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே விமானக் கொட்டகைக்குப் போனேன். விமான கிளப் செயலாளர் ஒரு தகடு கொண்டுவந்திருந்தார். இரண்டு கை அகலம், பொன் மாதிரிப் பளபளப்பு. அதில் இந்தப் பயணத்தின் விழாக் கமிட்டிக்காரர்கள் பதினொரு பேரின் பெயர்கள். முதல் பெயர் செயலாளருடையது, மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில். நான் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். அத்தையின் பெயர் இல்லை.

அதை விமானிக்கு முன்னால், கருவிகள் இருக்கிற பலகையில் பொருத்த வேண்டுமாம். நாளைக்குப் படம் எடுக்கும்போது தெரிய வேண்டுமாம். கமிட்டி இன்னும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. தகடு ஏறினால்தான் கையெழுத்து என்று செயலாளர் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் உத்தரவு.

தகடு ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. அப்பா செயலாளரோடு பட்டறைக்குள் போய், ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் துளை போட்டுக் கொண்டுவந்து, திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் இடப்பக்கமாக வைத்துத் திருகினார். நான் திருகாணி எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை வானிலை ஆபீசிலிருந்து வந்து பார்த்தாள். "பதினொரு ஆம்பளையையும் ஏத்திக்கிட்டா போகணும்? பெட்ரோல் பத்தாதே" என்றாள். பிட்டர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. நகத்தால் தகட்டைச் சுண்டினாள்.

"பித்தளைதானே?"

"சுத்தப் பித்தளைம்மா" என்றார் செயலாளர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "பித்தளைதானே அண்ணா?"

அப்பா கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ம்" என்றார்.

பித்தளை என்றால் முள்ளுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் இன்னொரு தரம் வட்டத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று அத்தை சொன்னாள். கொட்டகைக்குள் முள்ளைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அங்கே சுற்றிலும் இரும்புதான். செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார். இருட்டப் போகிறது, பெரிய மனிதர்களுக்குத் தேநீர் விருந்து, அவள் கட்டாயம் வர வேண்டும், ஒரு பித்தளைத் தகட்டுக்காக இத்தனை பேரைக் காக்க வைப்பதா என்றார்.

அண்ணன் சொன்னால் அவளுக்குப் போதும். போய்விட்டாள்.

மார்ச் 2, புதன்

காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டாள். பனிமூட்டம்.

படம் எடுக்க வந்தவர், வால்பக்கம் கட்டியிருந்த அத்தையின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர், பிஸ்கட், கயிறு, கத்தி, கண்ணாடி என்றாள். கண்ணாடி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். வெயிலில் காட்டி மின்ன வைத்தால் பத்து மைல் தூரத்துக் கப்பலுக்கும் தெரியும் என்று பொறுமையாக விளக்கினாள். அவர் 'கண்ணாடி' என்பதை மட்டும் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆறு ஹேர்பின்னும் என் கைக்கு வந்தன. "வந்து வாங்கிக்கிறேன். ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்."

பத்து மணிக்குள் தீவில் இறங்கியிருக்க வேண்டும். தந்தி இல்லை. பகல் ஒரு மணி வரைக்கும்தான் பெட்ரோல். இப்போது ராத்திரி ஒன்பது.

மார்ச் 3

இல்லை.

மார்ச் 5, சனி

பேப்பரில் முதல் பக்கம். தலைப்பை இங்கே எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன். 'முகம் பார்க்கும் கண்ணாடியுடன் சென்ற விமானி வழி தவறினார்.'

உள்ளே செயலாளரின் பேட்டி. பெண்களுக்குத் துணிச்சல் இருக்கலாமாம், திசை அறிவு என்பது வேறு விஷயமாம். கமிட்டி எவ்வளவோ எச்சரித்ததாம். எப்போது எச்சரித்தார்? தேநீர் விருந்திலா? நான் அங்கேதானே இருந்தேன். பெயர்ப்பலகையோடு வந்த ஆள் இவர்!

அன்றைக்குத் தெற்கிலிருந்து காற்று அடித்ததால் வடக்கே தள்ளிப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டு, இரண்டு கப்பலும் ஒரு விமானமும் வடக்குக் கடலில் தேடுகின்றன.

பேப்பர்க்காரர்கள் வாசலில் நின்றார்கள். அப்பா கதவைச் சாத்திவிட்டு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எழுதின காகிதம் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார். நாங்கள் இருப்பது கிளப் கொடுத்த வீடு. அத்தையைப் பற்றி வெட்டி வைத்திருந்த பேப்பர் துண்டுகளையெல்லாம் அம்மா அடுப்பில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டாள், படித்துப் படித்துப் போட்டாள்.

இந்த நோட்டை அத்தையின் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளுடைய டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா என்னை இதுவரை அடித்ததே இல்லை. அதனால்தான் பயம். எப்படி இருக்கும் என்று தெரியாது.

மார்ச் 7, திங்கள்

பள்ளிக்கூடத்து நடையில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை இடம். பெரிய டீச்சரிடம் கேட்டேன். மற்றப் பெண்களுக்கு அது தவறான முன்னுதாரணம் ஆகிவிடுமாம். போன மாதம் இதே படத்துக்குக் கீழே நின்றுதான் அவர் அரைமணி நேரம் பேசினார். எங்களுக்குக் கால் வலித்தது.

பின்பெஞ்சுக்காரி ஒருத்தி, "உங்க அத்தைக்கு லெஃப்டு ரைட்டு தெரியுமாடி?" என்று கேட்டாள். அவளுடைய இங்க் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். தற்செயலாக இல்லை. வெளியே நிற்க வைத்தார்கள். வெள்ளைச் சதுரத்துக்கு நேர் எதிரில்.

மார்ச் 8

இதை எழுதலாமா?

சாயங்காலம் சைக்கிள் சீட் ஆடியது. ஸ்பானர் எடுக்க அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கந்தல் துணியில் எதையோ சுருட்டி வைத்திருந்தது. பிரித்தால், அன்றைக்குத் தகட்டின் ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டு. மேலே பொன் மாதிரிப் பளபளப்பு. வெட்டிய இடத்தில் சாம்பல் நிறம்.

பித்தளையை வெட்டினால் உள்ளேயும் மஞ்சள்தான்.

அது இரும்பு. மேலே முலாம் பூசின இரும்பு. அதற்கு ஒரு சாண் தள்ளித் திசைகாட்டி.

ஹேர்பின்னைக்கூட உருவிக் கொடுத்துவிட்டுப் போனாள்!

இன்னொன்றும் இருக்கிறது. நான் சின்னவளாக இருந்தபோது அப்பா தம் பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பித்தளையில் துளை போட்டால் சர்க்கரை மாதிரி உதிரும். இரும்பில் போட்டால் பென்சில் சீவினமாதிரி சுருண்டு வரும், சத்தமே வேறு. "கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியும் காட்டினார்.

அன்றைக்கு நாலு துளை போட்டார். கண்ணைத் திறந்துகொண்டு போட்டார்.

இதற்குமேல் எழுத மாட்டேன்.

மார்ச் 9

துண்டை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனேன். விஞ்ஞான டீச்சர் ஒருத்தரிடம்தான் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் படத்தைக் கழற்றிய அன்றைக்குப் பெரிய டீச்சரோடு சண்டை போட்டதாகப் பேச்சு.

துண்டைக் காட்டி, தகடு பொருத்தியதைச் சொன்னேன். டீச்சர் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு, திசைகாட்டியை எடுத்து மரமேஜை நடுவில் வைத்தார். கைவளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் நகர்ந்தது.

முழுத் தகடு எவ்வளவு பெரிது என்று கேட்டார். கையால் காட்டினேன். அதே அளவு ஒரு இரும்பு டப்பா மூடியைத் தேடியெடுத்தார். கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிற விமானிக்கு முன்னால், கொஞ்சம் இடப்பக்கம், ஒரு சாண். நான் சொல்லச் சொல்ல வைத்தார். வடக்கு காட்ட வேண்டிய முள் தகட்டைப் பார்த்துச் சாய்ந்தது. மூன்று தடவை செய்தோம். எட்டு, ஒன்பது, ஒன்பது.

அப்படியென்றால் அத்தை கிழக்கே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது டிகிரி வலப்பக்கம் போயிருப்பாள். வலப்பக்கம் தெற்கு. முந்நூற்று அறுபது மைலுக்கு ஆறு அறுபது. ஆறொன்பது ஐம்பத்து நாலு.

தீவுக்கு ஐம்பத்து நாலு மைல் தெற்கே.

தெற்கத்திக் காற்று கொஞ்சம் வடக்கே தள்ளியிருக்கும் என்று டீச்சர் சொன்னார். எப்படிக் கழித்தாலும் நாற்பதுக்குக் குறையாது. அவர்கள் தேடுவதோ வடக்கே.

"யார்கிட்ட இருந்தது இந்தத் துண்டு?" என்று கேட்டார். அழுதேன். அவருக்கே புரிந்துவிட்டது. மறுபடி கேட்கவில்லை. ஆனால், "நீ சொல்லாம நான் போய்ச் சொன்னா எவனும் நம்பமாட்டான்டி. யோசி. ரொம்ப நேரம் யோசிக்காத" என்றார்.

மார்ச் 10, வியாழன்

யோசித்தேன். சொன்னால் அப்பா. சொல்லாவிட்டால் அத்தை. இதற்கு எந்த டீச்சர் பதில் வைத்திருக்கிறார்?

சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். ரேடியோ போட்டால் எழுந்து போய்விடுகிறார். எட்டு நாளில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாவமாக இருப்பதே கோபமாக இருக்கிறது.

மாலைப் பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில், மாட்டுச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே, நாலே வரி. ஒரு சரக்குக் கப்பலின் மாலுமிகள் ஆறாம் தேதி காலை, தெற்கே மணல் திட்டுகள் இருக்கிற பக்கம் ஏதோ விட்டு விட்டு மின்னியதைப் பார்த்தார்களாம். துறைமுகம் வந்து சேர்ந்ததும் சொன்னார்களாம். அது தேடும் பகுதியில் இல்லை, தண்ணீரில் வெயில் பட்டிருக்கும் என்று விசாரணை அதிகாரி சொல்லிவிட்டாராம்.

தண்ணீரில் வெயில்!

கண்ணாடி. அந்தக் கண்ணாடி. நீங்கள் சிரித்தீர்களே அந்தக் கண்ணாடி. உயிரோட இருக்கா. அங்க உட்கார்ந்து காட்டிக்கிட்டே இருக்கா. பார்த்தும் போய்ட்டாங்க.

நாளைக்குச் சொல்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது. சொல்கிறேன்.

மார்ச் 11, வெள்ளி

விசாரணை அதிகாரிக்குக் கிளப்பிலேயே அறை கொடுத்திருக்கிறார்கள். டீச்சரும் நானும் போனபோது செயலாளர் அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவள் அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

துண்டை மேஜைமேல் வைத்தேன். டீச்சர் கணக்கைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே கோப்பைப் புரட்டினார். தகடு பித்தளை என்று செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் அதில் இருக்கிறதாம். எதிரில் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது இரும்பு. அவர் கடிதத்தைப் பார்க்கிறார்.

செயலாளர் என்னிடம் குனிந்து, "எங்கம்மா கிடைச்சுது இது?" என்று கேட்டார். அப்பா பெட்டியில் என்றேன். "அடடா. அப்ப கிளப் சாமானை உங்கப்பா வீட்டுக்குக் கொண்டுபோயிருக்காரா?" என்று சிரித்தார். நான் முன்பே எழுதியிருக்கிறேன், அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் என்ன என்று.

ஒரே ஒரு கப்பலைத் தெற்கே அனுப்பிப் பாருங்கள், அங்கே இல்லையென்றால் எங்கள் கணக்கு தப்பு என்று ஆகிவிட்டுப் போகட்டும் என்று டீச்சர் மன்றாடினார்.

"கடல் என்ன உங்க ஸ்கூல் மைதானமா டீச்சர்?" என்றார் அதிகாரி. என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ப் பாடத்தைப் படிம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமையோடு தேடுதலை நிறுத்தப் போகிறார்கள்.

வெளியே வந்ததும் டீச்சர் செருப்பைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தார். மண் போக அடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதே நாள், பத்து மணி

அப்பாவுக்குச் செயலாளர் சொல்லிவிட்டார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

"என் பெட்டியில இருந்து எடுத்தியா?"

எடுத்தேன் என்றேன். கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "எத்தனை டிகிரி வந்தது?" என்று கேட்டார்.

"ஒன்பது."

நான் சொல்வதற்கு முன்னால் அவரே, "அம்பத்து நாலு மைல்" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார். எழுந்து அதே சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 12

கப்பல் தெற்கே புறப்பட்டுவிட்டது!

அப்பா நேற்று அதிகாரியின் அறைக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பொருத்தியவன் நான், அது இரும்புதான் என்று சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னால் கணக்கு, பிட்டர் சொன்னால் தகவல்.

பொருத்தும்போதே தெரியுமா என்று அதிகாரி கேட்டாராம். அப்போது தெரியாது, பிற்பாடு துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று சொன்னாராம். அம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

நாலு துளை, அப்பா.

மார்ச் 13

மழை. தெற்கே போன கப்பலிலிருந்து செய்தி இல்லை. அத்தையின் அலமாரியில் வைத்திருக்கிற ஹேர்பின்களை எண்ணினேன். ஆறு.

மார்ச் 16, புதன்

கப்பலின் கேப்டன் எங்கள் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

தீவுக்கு நாற்பத்தேழு மைல் தெற்கே, ஆளில்லாத மணல் திட்டு. விமானம் மூக்கு குத்தி நிற்கிறது, பெரிய சேதமில்லை. இறக்கையின் துணியைக் கிழித்து இரண்டு பாறைக்கு நடுவே கட்டி, மழைத் தண்ணீர் பிடிக்கக் கீழே டப்பா வைத்திருக்கிறாள். டப்பாவில் தண்ணீர் இருந்தது. அணைந்த நெருப்பு. விமானத்தின் பக்கவாட்டில் நாளுக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறாள். ஒன்பது கோடு.

இரண்டாம் தேதியிலிருந்து ஒன்பது என்றால் பத்தாம் தேதி. பத்தாம் தேதி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இல்லை. இரண்டு சக்கரத்தின் டியூபும் இல்லை, கயிறும் இல்லை. டியூபில் காற்றடித்துக் கட்டிக்கொண்டு கப்பல் போகிற பாதையைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறாள். யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு செய்த பிறகு. சுற்றிலும் ஒரு நாள் முழுக்கத் தேடினார்களாம்.

கேப்டன் பைக்குள்ளிருந்து தகட்டை எடுத்தார். நாலு திருகாணியையும் ஒழுங்காகக் கழற்றி இருக்கையில் வரிசையாக வைத்திருந்தாளாம். தகடு குப்புறக் கிடந்ததாம். பின்பக்கம் கத்தி முனையால் கீறியிருந்தாள். அவளுடைய கையெழுத்தேதான், சாய்வாக:

இரும்பு. நட்சத்திரம் வைத்துப் பார்த்தேன், கிழக்குக்கு ஒன்பது டிகிரி. அண்ணாவுக்குத் தெரிந்திருக்காது.

அப்பா படித்தார். திருப்பிப் பதினொரு பெயரையும் பார்த்தார். மறுபடி பின்பக்கம். கேப்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். கேப்டன் விடைபெற்றுப் போனபிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 17

அத்தை அந்த இடத்திலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாள், அவசரப்பட்டுவிட்டாள் என்று செயலாளர் ரேடியோவில் சொன்னார்.

ரேடியோவை அம்மா அணைத்தாள். திருகி அணைக்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள்.

மார்ச் 22

தேடுதல் நின்றது. 'காணவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். செத்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அவர்கள் எழுதட்டும் முதலில்.

ஏப்ரல் 2, சனி

விசாரணை அறிக்கை பேப்பரில் முழுசாக வந்திருக்கிறது. டீச்சர் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்.

தகடு இரும்பு என்பது செயலாளருக்குத் தெரியாது. முலாம் பூசின கடைக்காரருக்கு ஞாபகமில்லை. பொருத்திய பிட்டருக்கும் தெரியாது. அதற்குச் சாட்சி காணாமல் போன விமானியே கைப்பட எழுதியது. ஆகவே யார் மீதும் குற்றமில்லை. கடைசிப் பத்தி: 'எனினும், புறப்படுமுன் திசைகாட்டியை மறுபடி சரிபார்க்காதது விமானியின் கவனக்குறைவு.'

அவள் கேட்டாளே. வட்டத்தில் வைத்துத் திருப்பலாம் என்று கேட்டாளே! எல்லோரையும் விடுவித்துவிட்டு, விடுவித்தவள் தலையிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

அப்பா அந்தப் பத்தியைப் படித்தார். விரல் வைத்துப் படித்தார். பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பெரிய வெள்ளைத்தாள் நாலு எடுத்து வந்தார்.

"இங்க வா. என் கையெழுத்து எவனுக்கும் புரியாது, நீ எழுது."

பேனா எடுத்து வந்தேன்.

"உன் நோட்டையும் எடுத்துட்டு வா. தேதியெல்லாம் சரியா இருக்கணும்."

எந்த நோட்டு என்று கேட்கத் தைரியமில்லை. எத்தனை நாளாக அவருக்குத் தெரியும்? மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. மார்ச் ஒன்றாம் தேதியை மட்டும் படிக்கச் சொன்னார். படித்தேன். 'ம்' என்ற இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"தகட்டில் நாலு துளை போட்டேன். முதல் துளையிலேயே இரும்பு என்று எனக்குத் தெரியும். செயலாளரிடம் சொன்னேன். வாயை மூடு என்றார். தகடு இல்லாவிட்டால் அவளைப் பறக்க விடமாட்டார்கள், இரண்டு வருஷமாக அதற்காகவே இருந்தாள், ஒரு சின்னத் தகடு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. என் தங்கை என்னிடம் நேராகக் கேட்டாள். நான் பொய் சொன்னேன். மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் அவள் கேட்டாள். விடவில்லை. அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும்."

நாலு பிரதி. அதிகாரிக்கு ஒன்று, பேப்பர்களுக்கு இரண்டு. நாலாவது, பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது விஞ்ஞான டீச்சரே எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா தம் கருவிப் பெட்டியை எடுத்து வந்து வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கிளப்புக்குச் சொந்தமானவற்றைத் தனியாக ஒரு சாக்கில் போடுகிறார். அம்மா யாரும் சொல்லாமலே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பகல் பதினொரு மணி. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தையின் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த அம்மா இப்போது வந்து, "இதை எந்தப் பெட்டியில வைக்கிறது?" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

பெட்டியில் வேண்டாம், என்னிடம் இருக்கட்டும் என்றேன். எண்ணி வாங்கிக்கொண்டேன். ஆறு இருக்கின்றன.